டெனரீஃப் தீவு: தீ விட்டுவைத்த ஊரும் தீயின்றி அழிந்த மொழியும்



ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கனேரித் தீவுகள் அமைந்துள்ளன. அவற்றுள் மிகப் பெரியது டெனரீஃப். பரப்பளவு 2,034 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு எனலாம். ஐரோப்பியர் தம் நாட்டுக் குளிருக்கு அஞ்சி ஓடிவரும் விடுமுறைத் தீவு இது. அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுப்பயணிகள் இங்கே வந்து செல்கின்றனர்.

அவர்களுள் பெரும்பாலோர் தென்கரையின் தங்குவிடுதிகளிலும் கடற்கரைகளிலும் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்பிவிடுவர். தீவின் வரலாறோ வடகரையிலும் அதனையொட்டிய மலைச்சரிவுகளிலும் இருக்கிறது. லா லகுனா, கராச்சிக்கோ, லா ஒரோத்தாவா ஆகிய பழைய ஊர்களைச் சுற்றிப் பார்க்க மூன்று நாள்கள் போதும். அந்த ஊர்களைப் பார்ப்பவர் இரண்டு அழிவுகளைப் பற்றி அறிந்துகொள்ளலாம். ஒன்றை எரிமலை செய்தது. மற்றொன்றை மனிதர் செய்தனர். இவ்விரண்டில் எது மீண்டது, எது மீளவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தெய்தே மலை

டெனரீஃபின் நடுவே நிற்கும் தெய்தே எரிமலையின் உயரம் 3,715 மீட்டர். ஸ்பெயின் நாட்டின் மிக உயர்ந்த சிகரம் இதுவே. கடலின் அடித்தளத்திலிருந்து அளந்தால் இதன் உயரம் ஏறத்தாழ 7,500 மீட்டர். சிகரத்தைச் சுற்றிலும் லாஸ் கன்யாதாஸ் எனப்படும் பெரும் பள்ளம் விரிந்து கிடக்கிறது. பழுப்பும் கறுப்பும் செம்மையுமாய்ப் பாறைகள் நிறைந்த அந்நிலத்தில் மரங்கள் அரிது. 1954ஆம் ஆண்டு இப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2007இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. கம்பிவட ஊர்தியில் 3,555 மீட்டர் வரை செல்லலாம். அதற்கு மேல் சிகரத்தின் உச்சிக்கு நடந்து செல்ல முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும்.

இம்மலை உறங்குகிறதேயன்றி இறந்துவிடவில்லை. 1492இல் அமெரிக்காவை நோக்கிச் சென்ற கொலம்பஸ், இத்தீவின் மலையிலிருந்து பெருந்தீ எழுந்ததைத் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். தீவின் கடைசி வெடிப்பு 1909 நவம்பர் மாதத்தில் சின்யேரோ என்னும் இடத்தில் நிகழ்ந்து பத்து நாள்கள் நீடித்தது.

ஸ்பானியர் வருமுன் இத்தீவில் வாழ்ந்த குவாஞ்சே மக்கள் இம்மலையை எச்செய்தே என்று அழைத்தனர். மலையினுள்ளே குவாயோத்தா என்னும் தீய ஆற்றல் வாழ்வதாக நம்பினர். அவன் ஒருமுறை கதிரவனைக் கவர்ந்துசென்று மலைக்குள் அடைத்துவிட்டானாம். உலகம் இருளில் மூழ்கியதாம். மேலோனாகிய அச்சமான் அவனை வென்று கதிரவனை மீட்டானாம். சாம்பற்புகை வானத்தை மறைத்த ஏதோவொரு வெடிப்பின் நினைவே இக்கதையாக மாறியிருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. தெய்தே என்று இன்று உலகமே அழைக்கும் பெயர் அம்மக்களின் எச்செய்தேயிலிருந்து வந்ததே.

குவாஞ்சே மக்கள் யார்?

இவர்கள் வட ஆப்பிரிக்காவின் பெர்பெர் இனத்தவரோடு தொடர்புடையவர்கள். கிறித்து பிறந்ததையொட்டிய நூற்றாண்டுகளில் இங்குக் குடியேறினர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எரிமலைத் தீவாகையால் இங்கு உலோகத் தாது கிடையாது. ஆகவே எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் செதுக்கிக் கத்தியாக்கினர். ஆடு வளர்த்தனர், வாற்கோதுமை பயிரிட்டனர். தானியத்தை வறுத்து அரைத்த மாவே அவர்களின் முதன்மை உணவு. கோஃபியோ என்னும் அம்மாவு இன்றும் தீவினரின் வீடுகளில் அன்றாடம் புழங்குகிறது. உயர்குடியினர் இறந்தால் உடலைப் பதப்படுத்தி, ஆட்டுத்தோலில் சுற்றிக் குகைகளில் வைத்தனர்.

டெனரீஃப் தீவு ஒன்பது சிற்றரசுகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றையும் மென்சேய் எனப்பட்ட அரசர் ஆண்டார். தாவ்ரோ, அனாகா, குயிமார், அபோனா, அதேஹே, தௌத்தே, இக்கோத், தக்கோரோந்தே, தெகெஸ்தே என்பன அவ்வரசுகளின் பெயர்கள். இவற்றுள் பல இன்றும் ஊர்ப்பெயர்களாகவோ வட்டாரப் பெயர்களாகவோ வழங்குகின்றன. வாசகர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இப்பெயர்களுக்கு மீண்டும் வருவோம்.

படுகொலையும் வெற்றியும்

கனேரித் தீவுகளுள் ஸ்பானியருக்குக் கடைசியாகப் பணிந்தது டெனரீஃப். 1494 மே மாதம் அலோன்சோ ஃபெர்னாண்டெஸ் தெ லூகோ என்னும் தளபதி, இன்றைய சாந்தா குரூஸ் துறையில் படையுடன் வந்திறங்கினார். சில அரசுகள் அவருடன் நட்புறவு கொண்டன. தாவ்ரோ அரசர் பென்கோமோ பணிய மறுத்தார். அம்மாத இறுதியில், அசென்தேஹோ என்னும் இடத்தின் பள்ளத்தாக்கில் ஸ்பானியப் படை சிக்கிக்கொண்டது. குதிரைகள் ஓட இடமின்றித் தவித்தன. மேட்டிலிருந்து கல்லும் மர ஈட்டியும் பொழிந்தன. படையினரில் பெரும்பகுதியினர் மாண்டனர். தளபதி காயத்துடன் தப்பினார்.

அவர் புதிய படை திரட்டித் திரும்பி வந்தார். இம்முறை சமவெளியில் போர் நிகழ்ந்தது. அங்கே குதிரைப்படையின் கை ஓங்கியது, பென்கோமோ வீழ்ந்தார். பின்னர் முன்பு தோற்ற இடத்திற்கு அருகிலேயே மற்றொரு போரில் ஸ்பானியர் வென்றனர். இதனிடையே குவாஞ்சே மக்களிடையே கொள்ளைநோய் பரவிப் பலரை மாய்த்தது. 1496இல் எஞ்சிய அரசர்கள் சரணடைந்தனர். அவர்கள் ஸ்பெயின் நாட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அரசர், அரசியார் முன்னிலையில் நிறுத்தப்பட்டனர். எளிய மக்களில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

இன்று வடகரை நெடுஞ்சாலையில் செல்வோர் அடுத்தடுத்து இரண்டு ஊர்ப்பலகைகளைக் காணலாம். ஒன்று லா மத்தான்சா தெ அசென்தேஹோ. மற்றொன்று லா விக்தோரியா தெ அசென்தேஹோ. முதலாவது 'அசென்தேஹோவின் படுகொலை'. இரண்டாவது 'அசென்தேஹோவின் வெற்றி'. ஸ்பானியர் தோற்ற போர் படுகொலை எனப்பட்டது. வென்ற போர் வெற்றி எனப்பட்டது. பெயர் சூட்டும் உரிமை யாருக்குக் கிடைத்தது என்பதை இப்பலகைகளே சொல்லிவிடுகின்றன. எனினும் இரண்டு பெயர்களின் கடைசியிலும் தோற்றவர்களின் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மதிலில்லா நகரம் லா லகுனா

போர் முடிந்ததும் லூகோ தம் தலைநகரைக் கடற்கரையில் அமைக்கவில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில், ஓர் ஏரிக்கரையில் சான் கிறிஸ்தோபால் தெ லா லகுனா நகரை நிறுவினார். கடற்கொள்ளையர் எளிதில் வந்தடைய முடியாத இடம் அது. லகுனா என்னும் சொல் அந்த ஏரியைக் குறிப்பது. அவ்வேரி 1837இல் வடிக்கப்பட்டு மறைந்துபோயிற்று.

நகருக்கு இரண்டு பகுதிகள் உண்டு. மேலூர் திட்டமின்றி வளர்ந்தது. 1500ஆம் ஆண்டு தொடங்கிய கீழூரோ நேரான அகன்ற தெருக்களுடன், முன்கூட்டியே வரைந்த திட்டத்தின்படி எழுந்தது. அதைச் சுற்றி மதில் இல்லை. ஸ்பானியர் தம் குடியேற்ற நாடுகளில் மதிலின்றி அமைத்த முதல் நகரம் இது. பின்னர் அமெரிக்கக் கண்டத்தில் அவர்கள் எழுப்பிய நகரங்கள் பலவற்றுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று. இத்தாலியப் பொறியாளர் லியோனார்தோ தொரியானி 1588இல் வரைந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் அத்தெருக்களில் வழி தவறாமல் நடக்கலாம். அந்த அளவுக்குப் பழைய அமைப்பு மாறாதிருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமையாக அறிவித்தது.

கனேரித் தீவுகளின் முதல் பல்கலைக்கழகமும் இங்கேதான் உள்ளது. மரப்பலகணிகளும், நடுமுற்றம் கொண்ட வீடுகளும், கல்லால் ஆன வாயில்களும் கண்ணைக் கவர்கின்றன. 2007 முதல் சாந்தா குரூஸ் நகரிலிருந்து டிராம் வண்டியிலேயே இங்கு வரலாம்.

இவ்வளவு அழகிய நகரம் எங்கே நிற்கிறது? பென்கோமோ வீழ்ந்ததாகக் கூறப்படும் அதே சமவெளியில்தான். குவாஞ்சே மக்கள் அதனை அகெரே என்று அழைத்தனர்.

கராச்சிக்கோ: துறைமுகத்தை இழந்த ஊர்

தீவின் வடமேற்கு மூலையில், செங்குத்தான மலையடியில் ஒதுங்கியிருக்கிறது கராச்சிக்கோ. தீவைக் கைப்பற்றப் பணம் கொடுத்து உதவிய ஜெனோவா நகர வணிகர் கிறிஸ்தோபால் தெ போந்தே என்பவர் இவ்வூரை நிறுவினார். முதலில் சர்க்கரையும், பின்னர் மல்வாசியா என்னும் இனிப்புத் திராட்சை மதுவும் இங்கிருந்து ஏற்றுமதியாயின. ஆங்கிலேயர் இம்மதுவைத் தீவுகளின் பெயராலேயே 'கனேரி' என்று அழைத்தனர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலும் அப்பெயர் வருகிறது. இருநூறு ஆண்டுகள் இதுவே டெனரீஃபின் முதன்மைத் துறைமுகமாக விளங்கியது.

செல்வம் இருந்த இடத்தில் பூசலும் இருந்தது. 1665இல் இலண்டனில் ஒரு வணிகக் குழுமம் கனேரி மது வணிகம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவர அரச உரிமை பெற்றது. தம் சரக்குக்கு அக்குழுமமே விலை வைப்பதைத் தீவின் விளைவிப்போர் ஏற்கவில்லை. 1666இல் கராச்சிக்கோவின் கிடங்குகளுக்குள் மக்கள் புகுந்து மதுப்பீப்பாய்களை உடைத்தனர். தெருக்களில் மது ஆறாக ஓடியது. 'மதுக் கொட்டல்' என்றே அந்நிகழ்ச்சி தீவின் வரலாற்றில் வழங்கப்படுகிறது.

இயற்கையும் இவ்வூரைச் சோதித்தது. 1645 டிசம்பரில் பெருவெள்ளம் வந்து உயிர்களையும் துறையிலிருந்த கப்பல்களையும் கொண்டுசென்றது. 1697இல் தீ விபத்து ஏற்பட்டது. இவற்றையெல்லாம் தாங்கி நின்ற ஊருக்கு 1706ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் பெருஞ்சோதனை வந்தது. ஊருக்கு மேலே மலைமுகட்டில் நிலம் பிளந்து, எரிமலைக் குழம்பு பெருகிச் செங்குத்தான சரிவில் இறங்கியது. ஒரு கிளை நேரே துறைமுகத்துக்குள் பாய்ந்தது. கப்பல்கள் நின்ற ஆழ்நீர் கல்லாயிற்று. மற்றொரு கிளை வீடுகளையும் கோயில்களையும் எரித்தது. வெடிப்பு ஓய்ந்தபோது, கப்பல் வணிகத்துக்கு ஏற்ற துறை அங்கே இல்லை.

ஆனால் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. குழம்பு மெல்ல நகர்ந்ததால் மக்கள் தம் உடைமைகளைச் சுமந்துகொண்டு அண்டை ஊர்களுக்குச் செல்ல முடிந்தது. பின்னர் அவர்களில் பலர் திரும்பி வந்து, இறுகிய குழம்பின் மீதே வீடு கட்டினர். சாந்தா அனா தேவாலயம் மீண்டும் எழுந்தது. கடலோரத்தில் பதினாறாம் நூற்றாண்டின் சான் மிகெல் கோட்டை அழியாமல் இன்றும் நிற்கிறது. ஊர்ப் பூங்காவில், பழைய துறைமுகத்துக்குச் சரக்குகள் சென்று வந்த கல்வாயில் ஒன்று தெருமட்டத்துக்குக் கீழே காணப்படுகிறது. அதனருகே இறங்கி நின்று மேலே பார்த்தால், 1706இல் தரை எவ்வளவு உயர்ந்தது என்பது விளங்கும்.

குழம்பு கடலில் விழுந்து இறுகிய இடம் எல் கலெத்தோன் எனப்படுகிறது. கறும்பாறைகளுக்கிடையே இயற்கையாக அமைந்த குளங்களில் இன்று சிறுவர்கள் நீந்தி விளையாடுகின்றனர். ஊரை அழித்த கல்லே ஊருக்கு வருவாய் தருகிறது.

வணிகம் மட்டும் திரும்பவில்லை. அது இன்றைய புவெர்த்தோ தெ லா குரூஸ் துறைக்கும், பின்னர் சாந்தா குரூஸுக்கும் இடம்பெயர்ந்தது. 1797 ஜூலையில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சன் தாக்கித் தோற்று, தம் வலக்கையை இழந்தது அந்தச் சாந்தா குரூஸில்தான். 1833இல் அதுவே தீவுக்கூட்டத்தின் தலைநகரும் ஆயிற்று. பெரிய துறைமுகமும் பெரிய கட்டடங்களும் எழாமையாலேயே கராச்சிக்கோவின் பழைய தெருக்கள் அப்படியே எஞ்சின எனலாம்.

லா ஒரோத்தாவா: மலைமண் ஓவியம்

பழைய தாவ்ரோ அரசின் வளமிக்க பள்ளத்தாக்கில் லா ஒரோத்தாவா அமைந்துள்ளது. செதுக்கு வேலைப்பாடு மிக்க மரப்பலகணிகளுக்குப் புகழ்பெற்ற பதினேழாம் நூற்றாண்டு வீடுகள் இங்குண்டு. ஆண்டுதோறும் நற்கருணைத் திருவிழாவின்போது, நகர்மன்றத் திடலின் தரை முழுவதும் மிகப்பெரிய ஓவியம் ஒன்றைத் தீட்டுகின்றனர். சாயம் எதுவும் கலப்பதில்லை. தெய்தே மலைப்பகுதியில் இயற்கையாகக் கிடைக்கும் பல நிற மண்ணையே கோலப்பொடிபோல் தூவி வரைகின்றனர். பல வார உழைப்பில் உருவாகும் அவ்வோவியம், ஊர்வலம் கடந்து சென்றதும் கலைந்துவிடும்.

இதற்குக் கீழே கடற்கரையில் உள்ள புவெர்த்தோ தெ லா குரூஸில் 1788இல் அரச ஆணையால் தொடங்கப்பட்ட தாவரத் தோட்டம் உள்ளது. செர்மானிய அறிஞர் ஹம்போல்ட் 1799இல் தென் அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் இத்தீவில் தங்கித் தெய்தே மலையில் ஏறினார். பின்னாளில் சுற்றுலாவும் இவ்வூரில்தான் முதலில் வேரூன்றியது. லா லகுனாவுக்கு அருகிலுள்ள வானூர்தி நிலையத்தில் 1977 மார்ச் 27ஆம் நாள் இரு வானூர்திகள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டே தென்பகுதியில் புதிய வானூர்தி நிலையம் திறக்கப்பட்டது. பயணிகள் கூட்டமும் தெற்கே சாய்ந்தது. அக்கூட்டம் பெருகி, வீட்டு வாடகையும் நீர்த்தேவையும் உயரவே, 2024 ஏப்ரல் 20ஆம் நாள் தீவுகளெங்கும் பல்லாயிரவர் திரண்டு, சுற்றுலாவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்று முழங்கினர்.

எழுந்து வராத ஒன்று

கிழக்குக் கரையில் உள்ள கந்தெலாரியா, தீவுகளின் காவல் அன்னையாகக் கருதப்படும் மரியன்னையின் திருத்தலம். அங்குக் கடலுக்கு முதுகு காட்டியபடி ஒன்பது வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஒன்பது மென்சேய்களின் உருவங்கள் அவை, 1993இல் நிறுவப்பட்டவை. சுற்றுப்பயணிகள் அவற்றின் அருகில் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர்.

அவ்வரசர்கள் உயிர்பெற்றுப் பேசினால் அங்கு நிற்கும் எவருக்கும் ஒரு சொல்கூட விளங்காது.

குவாஞ்சே மக்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. தீவினரின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், குறிப்பாகத் தாய்வழி மரபில் பழங்குடியினரின் பங்கு கணிசமாக இருப்பதைக் கண்டுள்ளனர். ஆக, குருதி தொடர்ந்தது. அவர்களின் உணவு தொடர்ந்தது. அர்ஜென்டினா வரை சென்றுவிட்ட பதப்படுத்திய உடல்கள்கூட 2003இல் தீவுக்குத் திரும்பி வந்தன. திரும்பாதது மொழி ஒன்றே.

அது எவ்வாறு மறைந்தது? அதைப் பேசினால் நாவை அறுப்போம் என்று எவரும் சட்டம் இயற்றியதாகத் தெரியவில்லை. திருமுழுக்கின்போது பெயர் மாறியது. அதேஹேயின் அரசர் பெலினோர், தியேகோ தெ அதேஹே ஆனார். நிலப்பத்திரம், வழக்காடல், வழிபாடு, சந்தை அனைத்தும் ஸ்பானிய மொழியில் நடந்தன. கலப்பு மணங்கள் நிகழ்ந்தன. பிழைப்புக்கு உதவும் மொழியையே பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். 1594இல் கந்தெலாரியாவைப் பற்றியும் அம்மக்களைப் பற்றியும் நூல் வெளியிட்ட அலோன்சோ தெ எஸ்பினோசா என்னும் துறவி, அவர்களின் மொழியில் சில சொற்களையும் தொடர்களையும் குறித்து வைத்தார். ஆனால் எவரும் அம்மொழிக்கு இலக்கணமோ முழுமையான அகராதியோ எழுதவில்லை. இரண்டு, மூன்று நூற்றாண்டுகளுக்குள் அதைப் பேசுவோர் எவரும் இல்லாமற்போயினர்.

எஞ்சியவை ஊர்ப்பெயர்களும், ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் பைஃபோ, மண்கலத்தைக் குறிக்கும் கானிகோ போன்ற சிற்சில சொற்களுமே. அச்சொற்களைக் கொண்டு ஒரு தாலாட்டுப் பாட முடியாது.

அண்டைத் தீவு கற்பிப்பது

டெனரீஃபின் தென்மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் லா கொமேரா என்னும் சிறு தீவு தெரியும். ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் நிறைந்த அத்தீவில், ஒரு மலையிலிருந்து மறு மலைக்குச் செய்தி சொல்ல மக்கள் சீழ்க்கையைப் பயன்படுத்தினர். பழங்குடியினர் தம் மொழியைச் சீழ்க்கையாக்கினர்; பின்வந்தோர் அதே முறையில் ஸ்பானிய மொழியைச் சீழ்க்கையாக்கினர். சாலையும் தொலைபேசியும் வந்ததும் இக்கலை அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டது. 1999இல் இது அத்தீவின் பள்ளிகளில் பாடமாக்கப்பட்டது. இக்கலையைக் கற்றிருந்த முதியோர் மறையும் முன்னரே சிறுவர்கள் அதனைக் கற்றுக்கொண்டனர். 2009இல் யுனெஸ்கோ இதனை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

ஒரே தீவுக்கூட்டத்தில், ஒரு மொழி வகுப்பறையைக் காணாமலே மறைந்தது. ஒரு சீழ்க்கை வகுப்பறைக்குள் வந்ததால் பிழைத்தது. தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தும் எனக்கு டெனரீஃப் வரலாற்றில் மனத்தைவிட்டு நீங்காத பகுதி இதுவே.

கராச்சிக்கோவின் ஊர்ச் சின்னத்தில், துன்பத்திலும் பெருமை குன்றாதது என்னும் பொருள்பட ஒரு தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. அது வீண்பெருமை அன்று. தீ வந்தபோது அவ்வூர் மக்கள் அதைக் கண்ணால் கண்டனர், கண்டதால் ஓடினர், ஓடியதால் பிழைத்துத் திரும்பினர். மொழியை அரிக்கும் தீக்குப் புகையில்லை, ஓசையில்லை. ஒரு வீட்டில் பாட்டி பேசியதைப் பேரன் திருப்பிச் சொல்லாத நாளில் அது தொடங்கிவிடுகிறது.

டெனரீஃப் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் தெய்தே மலையைக் கண்டு வியக்கட்டும். கராச்சிக்கோவின் குளங்களில் நீராடட்டும். அவ்வாறே, வழியில் எதிர்ப்படும் தக்கோரோந்தே, தெகெஸ்தே, குயிமார் என்னும் ஊர்ப்பலகைகளையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். ஒரு காலத்தில் தாயர் தம் பிள்ளைகளை அழைத்துப் பேசிய மொழியில் காதால் கேட்கக் கிடைப்பது பெரும்பாலும் இவ்வளவே.